ஈ நுழையாத சிட்அவுட்

“...மயில் வேண்டாம், அன்னம் வேண்டாம், அந்தத் திராட்சைக் கொடியும் வேண்டாம் தம்பி. ஈ வரக்கூடாது, ஆளு வரணும். அப்படி ஒரு டிசைன் ஒங்க போன்ல இருந்தாக் காட்டுங்க. இல்லேன்னா போனைப் பையில போட்டுட்டுக் காப்பியைக் குடிங்க, ஆறுது. வியூவாம் வியூ! இந்த மலையை நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன், அது எங்கயும் போகாது. யாரு கண்ணுல நான் படக்கூடாதுன்னு இவரு என்னையக் கொண்டுபோயிப் பின்னால வைக்கிறாரு? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

சொன்னது என் மனைவி. கேட்டுக்கொண்டு நின்றது பண்ணைக்காட்டுக் கடைவீதியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் தம்பி. ‘இவரு’ என்பது நான். பட்டறைக்காரர் மூன்றாவது தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அளவு டேப். என்னிடம் எதையும் கேட்கவில்லை, பாவம். காப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எதற்காக ஈ, எதற்காக வலை என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு வெகுநாளாகச் சர்க்கரை. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்த்தவள். ஈரத் தரையில் நின்று நின்று காலில் உணர்ச்சி போயிருந்தது அவளுக்கே தெரியாது. செருப்பு வார் அறுத்த சின்னப் புண். போன வருஷம் மதுரையில் வைத்து இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்; எடுத்த இடத்துப் புண் இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அவளுக்கு ஒரே சோலிதான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே பஸ் நிற்கும். வத்தலக்குண்டு பஸ்ஸில் இறங்குகிறவர்கள், தாண்டிக்குடி ஜீப்புக்கு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் எங்கள் வாசல்தான் வெயிட்டிங் ரூம். “என்னத்தா, வெள்ளனே கெளம்பிட்ட?” என்று இவள் கேட்பாள். வந்தவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தன் மாமியாரில் ஆரம்பித்து மலை இறங்கும் மிளகு விலைவரைக்கும் சொல்லி முடிப்பாள்.

நான் இருபத்தைந்து வருஷம் இந்த ரோட்டில் டிரிப் ஜீப் ஓட்டியவன். பத்துப் பேரை ஏற்றினால் இருபது பேர் பேச்சு கேட்கும். நல்லதாக ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றைக்கு டீசல் மிச்சமானது மாதிரி சந்தோஷம் எனக்கு. அதனால் அவள் வாசலில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பது எனக்கும் பிடிக்கும். உள்ளே இருந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

ஈ வந்தது ஆவணியில்.

வீட்டுக்குப் பின்னால் சரிவு. அதற்குக் கீழே ஓடைவரைக்கும் ஒரு தோட்டம், சவ்சவ் பந்தல். தோட்டத்துக்காரர் எனக்கு மாப்பிள்ளை முறை. மழை விட்ட சமயமாகப் பார்த்து, கீழேயிருந்து லாரி லாரியாகக் கோழி எருவைக் கொண்டுவந்து எங்கள் வேலியை ஒட்டிக் குவித்தார். காயாத எரு. மேலே ஒரு சாக்குகூடப் போடவில்லை. முதல் நாள் வாடை மட்டும்தான். அதை வாடை என்று சொல்வதே மரியாதை. சோற்றை வாயில் வைத்தால் சோற்றுக்கும் அதே ருசி. நான்காம் நாள் ஈ கிளம்பியது.

எழுதவே குமட்டுகிறது. கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் எள்ளு தூவியது மாதிரி ஈ. மோரைத் திறந்து வைத்தால் கடுகு தாளித்த மாதிரி ஈ. சாமி படத்துக்கு வைத்த பழத்தில் ஈ. பேசுவதற்கு வாயைத் திறந்தால் உதட்டோரம் ஈ. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் எழுந்து பறந்துவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். காலையில் விளக்குமாற்றால் செத்த ஈயைக் கூட்டி முறத்தில் அள்ளிக் கொட்டியிருக்கிறேன். முறத்துக்கு ஒரு கனம் இருந்தது, அதைச் சொல்லவேண்டும்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். “மாப்ள, ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடக்கூடாதா?”

“மூடினா வெந்து போகும் மாமா. காய் திரட்சியா வேணுமில்ல?”

“எங்களால சாப்பிட முடியல மாப்ள.”

“எல்லாத்துக்கும் பதினஞ்சு நாள்தான் மாமா. அதுக்கப்புறம் ஈயே ஒங்களைத் தேடும். காய் வந்ததும் மொதல் சிப்பம் ஒங்க வீட்டுக்குத்தான், அக்காகிட்டச் சொல்லிருங்க” என்றார். அவர் சட்டைக் காலரில் நாலு ஈ உட்கார்ந்திருந்தது. அவர் அதை ஓட்டக்கூட இல்லை. பழகிப்போய்விட்டது மனுஷனுக்கு. அந்தப் பழக்கத்தைப் பார்த்ததுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

புரட்டாசி பிறந்து ஒரு காலை. ஒன்றுவிட்டு ஒருநாள் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது நான்தான். சுகாதார நிலையத்து நர்ஸம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கட்டைப் பிரித்தேன். கடைசிச் சுற்றுத் துணியின் கீழே, புண்ணோரத்தில், நொய்யரிசி ஒட்டியிருந்த மாதிரி இருந்தது. சோற்றுப் பருக்கை எப்படி இங்கே வந்தது என்று குனிந்து பார்த்தேன். அது நெளிந்தது. பக்கத்தில் இருந்ததும் நெளிந்தது.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலில் உணர்ச்சி இல்லையே. “என்ன, நல்லா ஆறிருக்கா?” என்று கேட்டாள்.

நான் எழுந்து பின்வாசலுக்கு ஓடினேன். வாழைமரத்தடியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தபோது அவள் எட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டு, காலின்மேல் போர்வையை இழுத்து விட்டிருந்தாள்.

“என்ன, வாந்தியா?”

“காலையில சாப்பிட்டது சேரல.”

“காலையில நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையே” என்றாள்.

ஆட்டோ பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸம்மா மூக்கைச் சுளிக்காமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார்கள். என்னைப் பார்த்து, “நீங்க வெளியில நில்லுங்கண்ணே, ஒங்க மூஞ்சியைப் பாத்தா அக்காவுக்குத்தான் சங்கடம்” என்றார்கள். டாக்டர் சொன்னது சுருக்கம். புண்ணு ஆறும் புண்ணுதான். ஆனால் இன்னொரு தடவை ஈ உட்கார்ந்து இப்படி ஆனால் கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும். வலைக்குள்ளே வையுங்கள்.

வலைக்குள்ளே என்றால் கொசுவலைக்குள்ளே, கட்டிலில். நாலு நாள் கிடந்தாள். ஐந்தாம் நாள், “பஸ்ஸு சத்தம் கேக்குது, யாரு எறங்குனான்னு தெரியல. ஒங்க அறையும் வேண்டாம், வலையும் வேண்டாம்” என்றாள். கட்டு மாற்றவும் என்னை விடவில்லை. “நர்ஸம்மா பாத்துக்குவாங்க. நீங்க சாப்பிட்டீங்களா, அதைப் பாருங்க.”

அப்படித்தான் வலை போட்ட சிட்அவுட் கட்டுவது என்ற யோசனை வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போனில் படம் படமாக அனுப்பினாள். வெள்ளைக்காரர் வீடுகள். மர விட்டம், மூன்று பக்கமும் மெல்லிய வலை, உள்ளே ஊஞ்சல், ஒரு நாய், எலுமிச்சம்பழச் சாறு. “இதுல ஒரு ஈயைக் காட்டுடி பாப்போம்” என்று அவள் அம்மா கேட்டாள்.

பட்டறைக்காரர் முதல் தடவை வந்தபோது வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்குள் நுழைந்து பின்பக்கம் போய் நின்றார். பின்பக்கத்தில் ஒரு தகரச் சாய்ப்பு உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஓடை, அதற்கப்பால் மலை, மலைமேல் மேகம்.

“அண்ணே, என்னண்ணே வியூவு! இதை வச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க? இங்க கட்டுறோம். முக்கால்வாசி கிளாஸ், கொஞ்சம் வலை. மேல மயில் தோகை விரிச்ச மாதிரி கிரில்லு. மதினிக்கு நல்லானதும் டூரிஸ்டுக்கு விட்டுரலாம்.”

எங்கள் மலையில் எல்லாருக்கும் இருக்கும் வியாதி இது. நாலு செங்கல் அடுக்கினாலும் பள்ளத்தைப் பார்த்துத்தான் அடுக்குவோம். குளியலறை ஜன்னலைக்கூடப் பள்ளத்தைப் பார்த்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். வெளியூர்க்காரன் வந்து நின்று ‘ஆகா’ என்று சொல்கிற திசைதான் வீட்டுக்கு முன்பக்கம் என்று முடிவாகிவிட்டது. பட்டறைக்காரர் கட்டிய எத்தனையோ சிட்அவுட்டில் ரோட்டைப் பார்த்தது ஒன்றுகூட இல்லை. நானும், “ஆமா தம்பி, பின்பக்கந்தான் சரி” என்றேன். வெகு வெரசாச் சொன்னேன். ஏன் அவ்வளவு வெரசா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வலை எது என்று பெரிய பேச்சு. நைலான் வலை மலிவு; ஆனால் குரங்கு ஒரே நாளில் கிழித்துவிடும். கோழி வலையில் குரங்கு நிற்கும், ஈ நிற்காது. கடைசியில் துருப்பிடிக்காத சன்னக்கண் கம்பி வலை, வெளியே குரங்குக்காகக் கெட்டியான ஒரு சட்டம் என்று முடிவு செய்தோம். கதவு ஸ்பிரிங் வைத்தது, தானாக மூடிக்கொள்ளும். “மொதல்ல வலையைக் கட்டுக்கம்பியில கட்டி வுடுறேன் அண்ணே. ரெண்டு நாள் ஒக்காந்து பாருங்க. புடிச்சா வெல்டு வச்சுருவோம்” என்றார். நியாயமான மனுஷன். இரண்டாம் தடவை வந்து சாய்ப்பின் மூன்று பக்கமும் வலையை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் அங்கே உட்கார வைத்தேன். வெயில் இதமாக விழுந்தது. எதிரே மலை. உள்ளே ஒரு ஈ இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. “எப்புடி?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. சினிமாக் கொட்டகைக்கு மொத ஆளா வந்த மாதிரி” என்றாள்.

அரைமணி நேரத்தில் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். எருக்குவியல் முப்பது அடி கீழே. புண்ணின் வாடை வலை தாண்டிப் போனது, எருவிலிருந்த ஈ வலையைத் தேடி வந்தது. ஒன்று வந்து உட்கார்ந்தது. பத்து வந்தது. நான் காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் வலையின் கீழ்ப்பாதி கறுத்துவிட்டது. உள்ளே வர முடியவில்லை, அதனால் நடந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடந்தன. ஒவ்வொரு வலைக்கண்ணிலும் வாயை விட்டு விட்டு நக்கின. மலை, மேகம் எல்லாவற்றையும் அந்த மொய்ப்பின் இடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. சத்தம் வேறே. பக்கத்து அறையில் யாரோ மாவு மில் ஓட்டுகிற மாதிரி.

நான் துண்டால் வலையை அடித்தேன். மொத்தமாக எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மொத்தமாக உட்கார்ந்தன. அடித்த இடத்தில் நசுங்கியது ஒன்றிரண்டு, மஞ்சளாக வலைக்கண்ணில் அப்பியிருந்தது. அதை நக்குவதற்கு இன்னும் பத்து வந்தது.

“இத்தனை நாளா ஈயோட முதுகைத்தான் பாத்திருக்கோம். இப்ப வயித்தைக் காட்டிட்டீங்க” என்றாள் அவள். காப்பி டம்ளரைத் தட்டு போட்டு மூடிக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை. “என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க.”

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, “தம்பி, வலையைக் குறைச்சு முழுக்க கிளாஸாப் போட்டுரலாமா? பின்பக்கமே இருக்கட்டும்” என்றேன். என்ன மனுஷன் நான்! எரு கெடக்கிற பக்கம் அது, ஈ பிறக்கிற பக்கம் அது. அங்கேதான் கட்டுவேன் என்று ஏன் ஒற்றைக்காலில் நின்றேன்?

சொல்கிறேன். புழு எடுத்த வாரம் டீக்கடைக்குப் போயிருந்தேன். பெஞ்சில் இருந்தவர் ஒருவர், நல்ல மனுஷர்தான், என் ஜீப்பில் நூறு தடவை ஏறியவர், வடையைக் கடித்துக்கொண்டே கேட்டார். “என்னண்ணே, வீட்டுல புழு வச்சிருச்சாமே?”

கொய்யாவில் புழு, கத்திரிக்காயில் புழு என்று கேட்கிற மாதிரி. ஊரார் வாயிலிருந்து வரும் எந்தப் பேச்சையும் ஆசையாகப் பொறுக்கிக்கொண்டவன், அந்த ஒரு பேச்சைக் கீழே போட முடியாமல் வீட்டுக்கு வந்தேன். வந்தால் வாசலில், பஸ் இறங்கிய ஒரு பெண் அவளோடு பேசிக்கொண்டு நிற்கிறாள். வலைக்குள் படுக்கச் சொன்னதை யார் கேட்டது. கட்டின்மேல் ஒரு சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாள். நின்ற பெண் பேச்சுக்கு நடுவே முந்தானையை எடுத்து மூக்கைத் துடைப்பது மாதிரி மூடினாள். மூடிய கை கீழே இறங்கவில்லை. என் மனைவி அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு, “மகளுக்குச் சீர் எல்லாம் ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தீர்மானித்தேன், பின்பக்கம் என்று. அவளுக்கு அவமானம் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் வீட்டில் புழு வைத்ததை ஊர் பார்க்கக்கூடாது. வாந்தி எடுத்த என்னை ஊர் பார்க்கக்கூடாது. ஈயைவிட, எருவைவிட, அந்த நினைப்புதான் நாற்றம். அதற்கு ‘வியூ’ என்று பெயர் வைத்து மயில் கிரில்லும் போடப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை பட்டறைக்காரர் வந்தது கண்ணாடிக்கு அளவெடுக்க. மயில் கூடாது என்றால் அன்னம், அன்னம் கூடாது என்றால் திராட்சை என்று ஒவ்வொன்றாகப் போனில் தள்ளிக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று, “இந்த வியூவுக்கு அன்னம் எடுப்பா இருக்கும்ல?” என்றேன். அப்போதுதான், நான் முதலில் எழுதியிருக்கிற அந்தப் பேச்சை அவள் பேசினாள். யாரு கண்ணுல நான் படக்கூடாது என்று அவள் கேட்டபோது, பட்டறைக்காரரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வாந்தியைப் பற்றி அன்றைக்கு அப்புறம் ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. பேசாமலே முழுக்கத் தெரிந்து வைத்திருந்தாள்.

நான் துண்டை எடுத்து உதறினேன். பட்டறைக்காரர்தான் கடைசியில், “அப்ப எந்தப் பக்கம் மதினி?” என்று கேட்டார்.

 அவள் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். பட்டறைக்காரர் கையிலிருந்த டேப்பை வாங்கினாள். கைத்தடியை எடுக்கவில்லை. குதிகாலை மட்டும் ஊன்றி, ஒரு கையால் சுவரைப் பிடித்து, வீட்டுக்கு நடுவே நடந்து வாசலுக்குப் போனாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். ஈயை ஓட்ட நான் துண்டை வீசிக்கொண்டு போனேன்.

“இந்தாங்க, இதைப் புடிச்சுக்கிட்டு அங்க ஒக்காருங்க” என்று டேப்பின் நுனியை என்னிடம் கொடுத்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து நுனியைச் சுவரோடு அழுத்திக்கொண்டேன். அவள் டேப்பை இழுத்துக்கொண்டு சாக்கடை ஓரம் வரைக்கும் போனாள்.

“தம்பி, இதுவரைக்கும் வலை. ரோட்டைப் பாத்து. கெட்டிச் சட்டம் போடுங்க, வளைவு நெளிவு ஒண்ணும் வேண்டாம். வலையை ஒட்டி வெளியில ஒரு பெஞ்சு, நாலு ஆளு ஒக்கார்ற மாதிரி.”

“பெஞ்சு உள்ளதான மதினி போடணும்?”

“உள்ள வர்றதுக்குக் கதவைத் தொறந்தா ஈயும் சேந்துல்ல வரும்? ஆளும் வெளியில ஒக்காரட்டும், ஈயும் வெளியில ஒக்காரட்டும். பேச்சு உள்ள வந்தாப் போதும். மூக்கைப் பொத்துறவுக பொத்திக்கிட்டே பேசட்டும், எனக்கு ஒண்ணுமில்ல.”

“இப்படி நான் கட்டுனதே இல்ல மதினி” என்று பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். “வியூ ஒண்ணும் இருக்காதே?”

“வத்தலக்குண்டு பஸ்ஸு வரும்ல” என்றாள்.

வந்தது. வளைவில் ஹாரன் அடித்து, எங்கள் வாசலுக்கு நேரே மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அவளுக்கு அதற்குள் கால் ஓய்ந்துவிட்டது. டேப்பைப் பட்டறைக்காரர் கையில் திணித்துவிட்டு, படிக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கட்டின்மேல் சுற்றியிருந்த சீலைத் துண்டை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தபோது, வெறும் கட்டோடு இருந்த இடது காலை இரண்டு கையாலும் தூக்கி என் மடியில் வைத்தாள்.